மணமகள் அறைக்குப் போன ஒயர்

இல்லண்ணா, பை மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா பார்வைய விட்டுப் போயிடும். எவனாவது தூக்கிட்டுப் போனாக்கூட பரவால்ல, போச்சுன்னு தெரிஞ்சுடும். மாத்தி வெச்சுட்டுப் போனா? இதே கலர்ல இதே மாதிரி பை இந்த பஸ்ல இன்னொண்ணு இருக்காதுன்னு யாரு சொல்ல முடியும்? உள்ள பெருசா ஒண்ணும் இல்ல. டிரம்ஸ் குச்சி, கால்ல மிதிக்கற பெடல், ஒரு துண்டு, மாத்துச் சட்டை. அவ்வளவுதான். நீங்க நல்லா ஜன்னலோரமா உக்காருங்க. எனக்கு இந்த ஓரந்தான் வசதி. ஏறறவன் இறங்கறவன் எல்லாம் கண்ணுல படுவான்.

பெங்களூருக்குத்தான? நானும் அங்கதான். சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி. நான் டிரம்ஸ் வாசிக்கறவன். சினிமாப் பாட்டுக்கு இல்ல. மெட்டல், ஹெவி மெட்டல்னு ஒண்ணு இருக்கு, கேட்டிருக்க மாட்டீங்க. கிடார் உறுமும், பாடறவன் தொண்டை கிழியக் கத்துவான், டிரம்ஸ்காரன் ரெண்டு கையும் ரெண்டு காலும் ஒரே நேரத்துல ஓட்டணும். எங்கம்மா கேட்டுட்டு, தகரக் கொட்டாய் மேல கல்மழை பேஞ்ச மாதிரி இருக்குதுன்னாங்க. பேண்டு பேரு கல்குவாரி. சேலத்துல மெட்டல் பேண்டான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க.

பகல்ல வேலை வே பிரிட்ஜ்ல. லாரி எடை போடற மேடை இருக்குல்ல, பைபாஸ்ல, அதுல. அந்த வேலையில உக்காந்தா மனுசனுக்குக் கண்ணு தெறந்துடும்ணா. காலி வண்டிய எடை போடறப்ப டிரைவரும் கிளீனரும் நல்ல பிள்ளையா கீழ இறங்கி நிப்பாங்க. அதே வண்டி லோடோட வர்றப்ப ரெண்டு பேரும் உள்ளயே இருப்பாங்க, கிளீனர் சீட்டுக்குப் பின்னாடி சுருண்டு படுத்திருப்பான். தார்ப்பாய நனைச்சு எடுத்துட்டு வருவாங்க. கேட்டா மழைங்கறது. வெளிய பாத்தா வெயில் மண்டையப் பொளக்கும். யாரும் சும்மா ஒண்ணும் பண்றதில்லண்ணா. ஒருத்தன் நம்மகிட்ட சிரிச்சான்னா, அவன் வண்டியில என்னமோ இருக்குன்னு அர்த்தம்.

என்ன பாக்கறீங்க? ஓ, கம்பியத் தட்டறதா? கை சும்மா இருக்காது. வாய் முணுமுணுக்கறதும் பழக்கந்தான். லாரிய மேடையில ஏத்தறப்ப 'வா வா வா வா, ஹோல்டு'ன்னு கத்திக் கத்தி, இப்ப டிரம்ஸ்ல வேகம் ஏற ஏற என்னையறியாம 'வா வா வா'ன்னு வந்துடுது. கடைசி அடி விழறப்ப 'ஹோல்டு'. பேண்டுல எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

பாருங்க, திரும்பவும் ஃபோன் அடிக்கறான். சபரி. எங்க கிடாரிஸ்ட். காலேஜ்லேந்து ஒண்ணா இருக்கோம், இந்த பேண்ட ஆரம்பிச்சதே நாங்க ரெண்டு பேருந்தான். எடுக்க மாட்டேன். எதுக்கு எடுக்கணும்? எங்க வந்துட்டேன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடறான். தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணிக்கலாம்ல.

என்ன ஏற்பாடா? சொல்றேன். உங்களப் பாத்தா நல்லவரா தெரியுது. அப்படித் தெரியறவங்கள நான் சாமானியமா நம்பறதில்ல. ஆனா வண்டி இன்னும் தொப்பூரே தாண்டல, வேற என்ன பண்றது.

போன ஆடி மாசம் எங்க முதல் ஆல்பத்துக்கு ரெக்கார்டிங். சென்னையில, பெங்களூர்ல ஸ்டுடியோ எல்லாம் இருக்கு. ஆனா டிரம்ஸுக்குப் பெரிய இடம் வேணும், உசரமா கூரை வேணும், அப்பதான் சத்தம் விரியும்னு சபரி சொன்னான். அவங்க சித்தப்பாவுக்குத் தாரமங்கலம் ரோட்டுல கல்யாண மண்டபம் இருக்கு. ஆடியில யாரு கல்யாணம் வெப்பா? மாசம் பூரா பூட்டிக் கெடக்கும். அங்கயே எடுத்துடலாம்னு முடிவாச்சு. நல்ல யோசனைன்னு எல்லாரும் குதிச்சாங்க. நான் ஒருத்தன்தான் கேட்டேன், ஏன்டா, பாட்டு, கிடார் எல்லாம் உங்க வீட்டு ரூம்லயே எடுத்துக்கறீங்க, என்னை மட்டும் ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போறீங்களேன்னு. டிரம்ஸ எங்க அபார்ட்மெண்ட்ல அடிச்சா போலீஸ் வரும்டாங்கறான். எல்லாத்துக்கும் பதில் ரெடியா வெச்சிருப்பான்.

ரெக்கார்ட் பண்ண வந்தது மெர்லின்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில் பக்கம். சவுண்டு இன்ஜினியர். ரொம்ப மரியாதையா பேசும், எப்பவும் ஒரு சிரிப்பு. வந்த உடனே என்ன பண்ணுச்சு தெரியுமா? ஹால் பூரா கை தட்டிக்கிட்டே நடந்துச்சு. மூலைக்கு மூலை நின்னு ஒரு தட்டு, காதக் குடுத்துக் கேக்கறது, திரும்ப ஒரு தட்டு. கூரையில இருந்த புறா எல்லாம் படபடன்னு பறக்குது. கடைசியில நட்ட நடு ஹால்ல நின்னுட்டு, டிரம்ஸ இங்க போட்டுடலாம் பூபதின்னுச்சு. மேடை இருக்குது, மாப்பிள்ளை பொண்ணு உக்கார்ற எடம், லட்சணமா. அத விட்டுட்டு நடு ஹால்ல எதுக்கு? மேடையில சத்தம் முட்டி நிக்குதுங்குது. எனக்கு என்னமோ நாலு பக்கமும் சுத்தி நின்னு பாக்கறதுக்குத் தோதா உக்கார வெச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மைக். நம்ம ஊர்ல மைக்னா முன்னாடி ஒண்ணு நட்டு ஹலோ ஹலோன்னு தட்டிப் பாப்பாங்க, அவ்வளவுதான. இது ஒரு பெட்டி நெறைய எடுத்து அடுக்குச்சு. நானும் பக்கத்துலயே நின்னு ஒண்ணொண்ணா கேட்டேன். சும்மா விடுவேனா?

கால்ல அடிக்கற பெரிய டிரம்முக்கு மட்டும் ரெண்டு. ஒண்ணு உள்ள, அடி விழற தோலுக்குக் கிட்ட. ஒண்ணு வெளிய, முன்பக்க ஓட்டைக்கு நேரா. எதுக்குங்க ரெண்டுன்னேன். வெளிய இருக்கறது வயித்துல குத்தற 'தும்' சத்தத்துக்கு, உள்ள இருக்கறது 'டக்'குன்னு விழற அடிக்கு. மெட்டல்ல நீங்க ரெண்டு காலையும் ஓட விடறப்ப வெறும் 'தும்' மட்டும் இருந்தா எல்லாம் கூழாப் போயிடும் பூபதி, 'டக்' இருந்தாத்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும்னுச்சு. தனித்தனியா. இந்த வார்த்தைய மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

நடுவுல இருக்கற ஸ்நேர் டிரம்முக்கும் ரெண்டு. மேல ஒண்ணு, குச்சி விழற எடத்தப் பாத்து. கீழ ஒண்ணு, அடியில கம்பி சலசலக்கும்ல, அதுக்கு. இதுல ஒரு கூத்து. மேல தோல் உள்ள போறப்ப கீழ தோல் வெளிய தள்ளுது, அதனால ரெண்டு மைக்கும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கும், ஒண்ணத் திருப்பிப் போடலேன்னா ரெண்டும் சேந்து சத்தத்தையே தின்னுடும்னு அதுவே சொல்லுச்சு. சத்தத்தத் திங்கற மைக்க எதுக்கும்மா வெக்கணும்? கேட்டேன். சிரிக்குது. அதான் திருப்பிப் போட்டுடுவேனேங்குது. போட்டுச்சா, இல்லையா, யாரு கண்டா? பட்டன் அது கையில.

மத்த டிரம்முக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு. அப்புறம் தலைக்கு மேல ரெண்டு. அதுக்கு ஒரு நூல் எடுத்துச்சு. ஸ்நேர் நடுவுல ஒரு முனைய என்னைப் புடிச்சுக்கச் சொல்லிட்டு, இன்னொரு முனைய மேல இருக்கற மைக் வரைக்கும் இழுத்து, அதே நீளம் அடுத்த மைக்குக்கும் சரியா வருதான்னு பாத்துச்சு. அளவு தப்புனா சத்தம் ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணு வந்து சேந்து கலங்கிடுமாம். நானும் எடை போடறவன்தானே, அளவு பாக்கறவங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? ரொம்ப அளந்து காட்டறவன்தான் வேற எங்கயோ கை வெப்பான்.

எல்லாம் முடிஞ்சதும் வந்துச்சு பாருங்க விஷயம். ஒவ்வொரு டிரம்மையும் தனியா ஒரே ஒரு அடி அடிங்க பூபதி, சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் அசையாதீங்க, அப்புறம் அடுத்த அடின்னுச்சு. பாட்டே ஆரம்பிக்கல, அதுக்குள்ள இது எதுக்குன்னேன். ஒரு பாதுகாப்புக்கு, பின்னாடி எங்கயாவது சத்தம் கெட்டுப் போயிருந்தா உங்க அடிய எடுத்தே ஒட்டி சரி பண்ணிக்கலாம்ங்குது.

எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சுண்ணா. என் அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா அவங்க கம்ப்யூட்டர்ல. அப்புறம் நான் எதுக்கு? பட்டனத் தட்டுனா பூபதி வாசிப்பான். சோறு கேக்க மாட்டான், சண்டை போட மாட்டான். அதுவும் அஷ்வத் வேற இருக்கான்.

அஷ்வத் யாருன்னு சொல்லலையா? பெங்களூர்ல ஒரு டிரம்மர். கெட்டிக்காரன், இல்லேங்கல. ஒரு தடவ எங்க நிகழ்ச்சிக்கு வந்து, முடிஞ்சதும் எங்கிட்ட ஓடி வந்து, பிரமாதம் ப்ரோ, என்ன குச்சி யூஸ் பண்றீங்க, ஸ்டூலு எவ்ளோ உசரம்னு கேட்டான். என் டிரம் செட்ட ஃபோட்டோ எடுத்தான். ஒருத்தன் எதுக்கு இன்னொருத்தன் ஸ்டூல் உசரத்தக் கேக்கணும்? உக்காரப் போறவன்தானே கேப்பான்? ரெக்கார்டிங்னு தெரிஞ்சதும் அவனோட நல்ல ஸ்நேர் டிரம்ம வேற இரவல் குடுத்து அனுப்பியிருந்தான். பத்திரமா திருப்பிக் குடுத்தா போதும்னு. இந்தக் காலத்துல யாருண்ணா அப்படிக் குடுக்கறான்?

நான் என்ன பண்ணேன், தனித்தனியா அடிக்கச் சொன்னப்ப தோலோட ஓரத்துல தொட்டும் தொடாம தட்டுனேன். நடுவுல இன்னும் கொஞ்சம் பலமா அடிங்களேன்னுச்சு. இதான் என் பலம்னேன். முகம் சுண்டிப் போச்சு. சரின்னு உள்ள போயிடுச்சு. மணமகன் அறையிலதான் கம்ப்யூட்டர் வெச்சிருந்தது. போர்வை எல்லாம் தொங்க விட்டு, கதவச் சாத்திக்கிட்டு, காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்துடும். நான் மட்டும் அந்தப் பெரிய ஹால்ல தனியா.

அங்கதான் எனக்கு யோசனை வந்துச்சு. அவங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு டிரம்மோட சத்தமும் தனியா. அப்பதான் ஒண்ண எடுத்துட்டு வேற ஒண்ண வெக்க முடியும். எல்லா சத்தமும் எல்லா மைக்லயும் கலந்து கெடந்தா? யாராலயும் பிரிக்க முடியாது. பிரிக்க முடியலேன்னா என்னை எடுக்கவும் முடியாது. சரியா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

ஸ்நேர் மைக்க லேசா சிம்பல் பக்கம், அதான் அந்தப் பித்தளைத் தட்டு, அது பக்கம் திருப்பி விட்டேன். மத்த மைக்கெல்லாம் மேல பாத்து. பெரிய டிரம்முக்குள்ள சத்தம் சிதறாம இருக்க ஒரு தலைகாணி வெச்சிருந்தது, உள் மைக்க அந்தத் தலைகாணிக்குப் பின்னாடி தள்ளிட்டேன். தலைக்கு மேல இருந்த ஒண்ண ஒரு சாண் எறக்கி விட்டேன். அளந்துச்சுல்ல, அளக்கட்டும். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, டீ குடிக்கப் போறப்ப ஒரு தடவ.

உள்ளேருந்து ஓடி வரும். குனிஞ்சு பாக்கும். அய்யோ, இது எப்படி நகந்துச்சுங்கும். நான் குச்சியத் தொடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க அடிக்கற அதிர்வுல ஸ்டாண்டு நகருது போலன்னு மணல் மூட்டை கொண்டாந்து வெச்சுச்சு. தரையில டேப் ஒட்டி அடையாளம் போட்டுச்சு. திரும்ப அளந்துச்சு. அது உள்ள போய்க் கதவச் சாத்தும், நான் எழுந்திருப்பேன். பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா என் பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? பேண்டு போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு, காலையில லாரி, சாயங்காலம் லாரி.

கடைசி நாள். அன்னைக்குப் பொண்ணு ஒண்ணையும் தொடல. மைக்கெல்லாம் கண்டபடி திரும்பிக் கெடக்கறதப் பாத்துச்சு. என்னையும் பாத்துச்சு, கொஞ்ச நேரம். அப்புறம் சபரிகிட்ட போய் ஓரமா நின்னு என்னமோ பேசுச்சு. சபரி தலைய ஆட்டறான். எனக்குச் சந்தேகம் வலுத்துடுச்சு. அவ்வளவு நாள் ஓடி ஓடி சரி பண்ண ஆளு திடீர்னு விட்டுடுச்சுன்னா என்ன அர்த்தம்? இனிமே நான் தேவையில்லன்னு அர்த்தம்.

சுத்திப் பாத்தேன். அப்பதான் கண்ணுல பட்டுச்சு, ஒரு ஒயர். புதுசா. மணமகன் அறைக்கதவுக்கு அடியிலேருந்து வந்து, செவுத்த ஒட்டியே ஓடி, மாடிப்படி ஏறிப் போகுது. மெதுவா பின்னாடியே போனேன். மாடியில மணமகள் அறை. ஒயர் கதவுக்கு அடியில உள்ள போகுது. கதவு பூட்டியிருக்கு. அந்த அறைக்கு ஹாலப் பாத்தாப்புல ஒரு ஜன்னல் உண்டு, மாப்பிள்ளை அழைச்சுட்டு வர்றதப் பொண்ணு மேலேருந்து பாக்கறதுக்கு. அந்த நாள் வரைக்கும் சாத்தியே கெடந்த ஜன்னல் அன்னைக்குத் தெறந்திருக்கு. திரை பாதி விலகியிருக்கு. நேரா கீழ என் டிரம்ஸப் பாத்து.

கதவுல காத வெச்சேன். ஒரு சத்தமும் இல்லண்ணா. மூச்சு விடற சத்தங்கூட இல்ல. அவ்வளவு ஜாக்கிரதையா உக்காந்திருக்கான்.

வேற யாரு? அஷ்வத்துதான். என் கை எப்படி ஓடுது, கால் எப்படி ஓடுதுன்னு மேலேருந்து பாத்துக் கத்துக்க. ஒயர் எதுக்குன்னா, அவனுக்கு ஹெட்ஃபோன்.

ஒண்ணும் தெரியாத மாதிரி கீழ வந்தேன். மெர்லின் வெளிய வந்து, பூபதி, வேலை முடிஞ்சுது, மைக்கெல்லாம் ஆஃப் பண்ணிட்டேன்னுச்சு. நான் நம்புவேனா? நானே போய் டிரம்ஸச் சுத்தி இருந்த மைக் ஒவ்வொண்ணுலயும் ஒயரப் புடுங்கிப் போட்டேன். அது தடுக்கல. கை கட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் மெதுவா, ரெக்கார்டிங் டென்ஷன் இல்லாம ஒரு தடவ சும்மா உங்க இஷ்டத்துக்கு வாசிங்களேன், நான் உங்க வாசிப்ப நேர்ல கேட்டதே இல்லன்னு சொல்லிட்டு, சபரியும் அதுவும் மேடை ஓரத்துல போய் உக்காந்துட்டாங்க.

மனசுவிட்டுச் சொல்றேன், அந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் அந்தப் பொண்ண நம்புனேன். ஒயர் எல்லாம் என் கையில, அப்புறம் என்ன?

மேல பாத்தேன். திரை அசையுது. ஒளிஞ்சா பாக்கற, பாருடா. இரவல் ஸ்நேர் குடுத்தியே, அது எப்படிக் கத்தும்னு கேளுடா. அப்படியொரு ஆத்திரம். ஆரம்பிச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. காலு என்னுதே இல்ல. கை எங்க போகுதுன்னு நான் பாக்கல, அது பாட்டுக்குப் போகுது. நடுவுல ஒரு எடத்துல எல்லாத்தையும் நிறுத்திட்டு, பெரிய டிரம் மட்டும் மெதுவா, ரொம்ப மெதுவா, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா வேகமேத்தி, மண்டபமே குலுங்க ஒரே அடியில நிறுத்துனேன். புறா எல்லாம் ஒண்ணா எழும்பிப் பறந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மெர்லின் வாயில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. சபரி எழுந்து வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டான்.

என் ஜென்மத்துல அப்படி வாசிச்சதில்ல. அத ஒருத்தரும் ரெக்கார்ட் பண்ணல பாருங்க. மைக் பூரா ஆஃப். நானே புடுங்கிப் போட்டது. வீணாப் போச்சு.

தர்மபுரி வந்துடுச்சா? இறங்கி டீ குடிக்கறதுன்னா நீங்க போய்ட்டு வாங்க. நான் பையோட இருக்கேன். வேண்டாமா? சரி.

அப்புறம் சபரி ஒரு நாள் வே பிரிட்ஜுக்கே வந்தான். தயங்கித் தயங்கிச் சொல்றான், மச்சான், டிரம்ஸ் சத்தம் ரொம்ப இடத்துல சரியா வரலடா, மெர்லின் எவ்வளவோ போராடிப் பாத்துடுச்சு, பெரிய டிரம், ஸ்நேர் ரெண்டுக்கும் சத்தத்த மட்டும் வெளியேருந்து எடுத்துப் போட்டிருக்கு, வாசிச்சது நீதான்டா, சத்தந்தான் வேறன்னு. உன்னோட தனி அடியவே போட்டிருக்கலாம், அதுவும் சரியா இல்லையாம்டாங்கறான். பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்? முதல் நாளே சொன்னேன்ல, என்னை எடுத்துட்டு வேற ஒண்ண வெப்பாங்கன்னு? வெச்சுட்டாங்க.

காரணம் என்ன சொல்றாங்க தெரியுமா? மைக் நகந்துடுச்சாம். மைக் எப்படிண்ணா தானா நகரும், அதுக்குக் காலா இருக்கு? பொய் சொல்ல ஒரு அளவு வேண்டாமா? இல்ல, நான்தான் நகத்துனேன், அது வேற விஷயம். அது அவங்களுக்குத் தெரியாதுல்ல? தெரியாத ஒண்ணக் காரணமா சொன்னா அதுக்குப் பேரு பொய்தானே? நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

போன வாரம் பாட்டு வெளிய வந்துச்சு. ஊர் பூரா பாராட்டறாங்க. எதை? கடைசிப் பாட்டுல நடுவுல ஒரு தனி டிரம்ஸ் வருது. அதை. ஒருத்தன் எழுதறான், குகைக்குள்ள இடி இடிக்கற மாதிரி இருக்குன்னு. கேட்டேன். ஒரே தடவையில தெரிஞ்சுடுச்சு. அஷ்வத்து. மாடியில ஒளிஞ்சிருந்து நான் அன்னைக்கு வாசிச்சதை அப்படியே மனசுல வாங்கிட்டுப் போய், வாசிச்சிருக்கான். என் யோசனை, என் அடி. பேர் மட்டும் போனாப் போகுதுன்னு எனக்குப் போட்டிருக்காங்க, டிரம்ஸ் பூபதின்னு. வாயடைக்க.

சபரி மெசேஜ் அனுப்பியிருக்கான் பாருங்க. 'மச்சான், அந்த நடுப்பகுதி நீ மேடையில வாசிச்சே ஆகணும், எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க, கண்டிப்பா வந்துடு.' புரியுதா? நிகழ்ச்சி அஷ்வத் ஊர்ல. அவனும் வந்து முன்னாடி நிப்பான். என்னால அது முடியாதுன்னு தெரிஞ்சுதான் கூப்பிடறாங்க. இந்த ஒரு வாரமா வீட்டுல உக்காந்து அடிச்சுப் பாத்துட்டேண்ணா, அதே மாதிரி வரவே மாட்டேங்குது. மேடையில நான் திணறணும், ஜனங்க கத்தணும், அப்ப அஷ்வத் ஏறி வந்து உக்காரணும். ஸ்டூல் உசரம்தான் ஏற்கனவே தெரியுமே. என் திட்டம் வேற. நான் போய் மேடையிலயே மைக்கப் புடிச்சு, அஷ்வத்தக் கூப்பிட்டு, நீயே வாசிடான்னு எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன். குட்டு வெளிப்படட்டும்.

நம்பிக்கை இல்லையா? இந்தாங்க, இந்த இயர்ஃபோன ஒரு காதுல வைங்க. ஒண்ணு எனக்கு. ரெண்டு பேரும் சேந்து கேப்போம். இதோ, இங்கேருந்து.

கேக்குதா? சத்தம் எவ்வளவு தூரத்துலேருந்து வருது பாருங்க. என் டிரம் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் உக்காந்த எடத்துல கேக்கறப்ப முகத்துல அறையும். இது எங்கயோ மேலேருந்து கேக்கற மாதிரி, மண்டபம் பூரா சுத்தி வந்து கேக்குது. கிட்ட வெச்ச மைக் ஒண்ணுமே இல்ல இதுல. இப்ப பாருங்க, கிரீச்சுன்னுச்சா? ஸ்டூல். என் ஸ்டூல் வலது கால அழுத்துனா இப்படித்தான் கத்தும். அதே மாதிரி ஒண்ணு தேடிப் புடிச்சு வாங்கியிருக்கான். என்ன ஒரு வேலை பாருங்க. இனிமேதான் விஷயம். மெதுவா ஆரம்பிக்கறான். நல்லா கேளுங்க, அடிக்கு நடுவுல ஒரு குரல், ரொம்ப சன்னமா. வா... வா... வா... கேக்குதா? நக்கல்! என்னை நக்கல் பண்றான். என் குரல் மாதிரியே மாத்திப் பேசறான். இதோ ஏத்தறான்... ஏத்தறான்... ஹோல்டு.

புறா பறக்குது. அதையுங்கூட விடல.

என்ன சொல்றீங்க? எனக்குப் புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க.

நானா? எப்படி நானா இருக்க முடியும்? அன்னைக்கு மைக் எல்லாம் ஆஃப்ங்கறேன், நானே ஒயரப் புடுங்குனேங்கறேன். மாடியில மைக்கா? மாடியில இருந்தது ஆளுண்ணா. நான் கதவுல காத வெச்சுக் கேட்டேன். நீங்க கேட்டீங்களா? 'போய் வாசிங்க பூபதி'யா?

ஒரு நிமிசம். என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் சொன்னேனா? எப்ப சொன்னேன்? நான் முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட பேரு சொல்றவனே இல்ல. அதான பாத்தேன், இவ்வளவு சீட்டு காலியா இருக்க எம்பக்கத்துல வந்து உக்காந்தப்பவே பாத்தேன். தர்மபுரியில டீக்குக்கூட இறங்கல. எங்கிட்டேருந்து எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, போய் வாசிங்கன்னு அனுப்பி வெக்கறீங்க. சபரியா அனுப்புனான்? அந்தப் பொண்ணா? நாகர்கோவிலா நீங்க? அந்த இயர்ஃபோனக் குடுங்க முதல்ல.

கண்டக்டர், கிருஷ்ணகிரியில நிறுத்துங்க. ஆமா, பெங்களூர் டிக்கெட்தான், இருக்கட்டும், நான் இங்கயே இறங்கிக்கறேன். எதிர்ல சேலம் வண்டி வரும்ல? போதும்.

திரும்பவும் அடிக்கறான் பாருங்க. அடிக்கட்டும். நீங்க எப்படியும் அவனப் பாப்பீங்க, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. பூபதி சண்டைக்கு வரல, பேண்ட அஷ்வத்துக்கே விட்டுட்டான்னு சொல்லுங்க. திருட்டுத்தனமா கத்துக்கிட்டான், அது தப்புத்தான். ஆனா எடை போடறவன் எடையில பொய் சொல்லக் கூடாதுல்ல? இந்த ஒரு வாரத்துல அத எத்தனை தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. கேக்கறப்ப எல்லாம் கண்ணுல தண்ணி வருதுண்ணா. அவன் நல்லாத்தான் வாசிச்சிருக்கான். என்னால அந்த மாதிரி வாசிக்கவே முடியாது.